பதினேழாம் இலக்க வாசல்

சிவப்பு மை பூசிய அளவை முளை இறங்கவேண்டிய இடத்தில், அந்தப் பெண் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் குசினிச் சுவர், முன்னால் சுத்தியலோடு இரண்டு தொழிலாளிகள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல மடியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

இராகுலன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். பசுமை நகரத் திட்டத்துக்குப் பொறுப்பாக அவன் பாலையூற்றுக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. ஒரு முகமும் பழக்கமில்லை.

இலக்கம் 17, அசனா. எதிர்வீடு இலக்கம் 18, றம்ஸியா. மழைநீர் வாய்க்காலும், அதன் கரையில் மரங்களும், சைக்கிள் பாதையும் வரப்போகிற கோடு பதினேழாம் இலக்கத்தின் குசினியை நடுவாகப் பிளந்துகொண்டு போனது.

“அசனா அக்கா, கொஞ்சம் எழும்புங்கோ. முளை அடிக்கவேணும்.”

“பேர் கிடக்கட்டும் தம்பி. இந்தக் குசினி உடைஞ்சா நாளைக்கு என்ன செய்யிற எண்டு சொல்லுங்க. இதில இடியப்பம் அவிச்சுத்தான் மூண்டு பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுது.”

நட்டஈடு வரும் என்றான். வரும்வரைக்கும் பிள்ளைகள் நட்டஈட்டுப் படிவத்தையா சாப்பிடுவார்கள் என்று அவள் கேட்டாள். தொழிலாளிகளில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினான்.

பொலிஸைக் கூப்பிடவேண்டி வரும் என்று இராகுலன் சொல்லிப் பார்த்தான்.

“கூப்பிடுங்க. உள்ளுக்கு இன்னும் ரெண்டு கதிரை கிடக்கு. அவங்களும் இருக்கலாம்.”

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இது அலுவலகத்தில் தனியாக இருந்து கீறிய திட்டமல்ல, கடந்த மூன்று மாதத்தில் சனசமூக நிலையத்தில் மூன்று கூட்டம் வைத்து, ஊர்ச்சனத்தைக் கேட்டுச் செய்தது என்று விளக்கினான். வரவுப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினான். பதினேழாம் இலக்கத்துக்கு நேரே மூன்று தரமும் வெறும் இடம்.

“வராத ஆக்களுக்குச் சம்மதம் எண்டு எடுத்தாச்சு அக்கா.”

“வர ஏலாத ஆள் எப்பிடித் தம்பி வாற? ஏன் வரல்ல எண்டு கேட்க ஆராவது இந்தப் படலையத் திறந்தீங்களா?”

அந்த நேரம் குசினிக் கதவின் திரை சற்று விலகியது. முழுக்கை வெள்ளைச் சட்டை போட்ட கையொன்று தேத்தண்ணித் தட்டத்தைப் படியில் வைத்துவிட்டு மறைந்தது. அவள் எழும்பாமலே தட்டத்தை இழுத்து, சுத்தியல் வைத்திருந்தவனுக்கு முதலில் கொடுத்தாள். சுவரை உடைக்க வந்தவனென்றாலும் வெயிலில் நிற்கிறவனுக்குத் தாகம் தாகம்தானே.

“அப்ப வாய்க்கால் எதால போறது?” என்று இராகுலன் கேட்டான்.

அவள் எதிரே கையை நீட்டினாள். பதினெட்டாம் இலக்கம். புதிதாகக் கட்டி மாபிள் பதித்த விறாந்தை, இளம்பச்சை பூசிய மதில்.

“அதால. மாரிக்குத் தண்ணி ஓடுற அந்தப் பக்கத்தாலதான். உங்கட வரைபடத்துக்குத் தெரியாட்டி அந்த மதிலக் கேளுங்க.”

மதிலின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கறை படிந்திருந்ததை இராகுலனும் கண்டான். ஆனாலும் அவனுக்குக் கோபந்தான் வந்தது. போகிற ஊரெல்லாம் இதே கதை. மரம் வேண்டும், வாய்க்கால் வேண்டும், எல்லாம் அடுத்தவன் வளவுக்குள் வேண்டும்.

“அந்த வீட்டு ஆள் மூண்டு கூட்டத்துக்கும் வந்து கையெழுத்து வெச்சிருக்கிறா.”

“வந்தவதான். அங்க என்ன மரம் வேணும் எண்டுதான் கேட்டவங்க. ஆர்ட குசினி போகும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல.”

“உங்கட வீடு தப்பவேணும் எண்டு எல்லாத்தையும் அவட தலையில கட்டப் பாக்கிறீங்கள். புது விறாந்தைய உடைக்க அவ விடுவாவா? எழுத்தில சம்மதம் வேணும்.”

“தாங்க சம்மதப் படிவத்த.”

வாங்கிக் கதிரைக் கையில் வைத்தாள். பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்தாள். ஒரு தரம் நிமிர்ந்து எதிர் விறாந்தையைப் பார்த்தாள். பிறகு ஆறுதலாகக் கையெழுத்திட்டு நீட்டினாள்.

இராகுலன் அதை வாசிக்கக்கூட இல்லை.

“அடுத்த ஆளின்ட காணிக்கு நீங்கள் கையெழுத்து வைக்க ஏலாது அசனா அக்கா.”

அவள் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“அசனா உள்ளுக்கு இத்தாவில இருக்கிறா தம்பி. புருசன் மௌத்தாகி மூண்டு மாசம். நாலு மாசம் பத்து நாள் முடியாம அவ பிற ஆம்பிளையளுக்கு முன்னால வரமாட்டா. அதாலதான் அவட வாசல்ல நான் இருக்கிறன்.”

இராகுலனின் கண் திரைக்குப் போய், எதிர் மதிலுக்குப் போய், கடைசியில் படிவத்தில் வந்து நின்றது. அவள் பேனையை அதன்மேல் வைத்தாள்.

“நான் றம்ஸியா.”