மூன்று மணி நேரக் கசிவு

“மூணு மணி நேரமா தண்ணி நிக்காம ஓடிட்டிருக்காம். கசிவா இருக்கலாம், உடனே பாருங்கன்னு தண்ணி வாரியத்திலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு” என்று கைப்பேசியைக் கணவன் ரிஸ்வானிடம் நீட்டினாள் ரஞ்சிதம்.

தண்ணீர் ஓடியது அவர்களுடைய ஃபேரர் பார்க் வீட்டில் இல்லை. புக்கிட் மேராவில் அவள் அப்பா அங்கமுத்து தனியாக இருக்கும் வீட்டில். ரிஸ்வானைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, இரண்டு வருடமாக, மகளோடு அவருக்குப் பேச்சு இல்லை. போன் செய்தால் எடுக்கமாட்டார்.

நல்லவேளை, அந்த வீட்டுத் தண்ணீர் இணைப்பு இன்னும் அவள் பெயரில்தான் இருந்தது. பழைய மீட்டர்களை மாற்றியபோது அங்கேயும் புதிது வந்தது. எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று அவள் கைப்பேசியிலேயே ஏறி இறங்கும் கோடாகப் பார்க்கலாம். காலை ஐந்தரைக்குக் கோடு ஏறினால் அப்பா எழுந்துவிட்டார். பதினொன்றுக்கு ஏறினால் சமைக்கிறார். ஒரு தடவை அவர் குரலைக் கேட்டால் போதும் என்று ஏங்கியபடி தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“பைப்பை மூட மறந்திருப்பார் லா” என்றான் ரிஸ்வான்.

“எங்கப்பாவா? முப்பது வருஷம் மீட்டர் ரீடரா இருந்தவர். நான் பல்லு விளக்கும்போதே பின்னாடி வந்து பைப்பை மூடுவார். பாத்ரூம்ல விழுந்துட்டாரோ என்னமோ.”

டாக்சியில் போகும் வழியெல்லாம் கோடு இறங்கவே இல்லை. தன்னைக் கண்டால் அவருக்கு ஆகாது, ஏதாவது என்றால் கூப்பிடு என்று சொல்லி ரிஸ்வான் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே நின்றுவிட்டான்.

கதவு திறந்துதான் இருந்தது. சமையலறைக் குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. வாளி, பேசின், பிரியாணிச் சட்டி என்று வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் நிறைந்து நின்றன. நடுவே ஸ்டூல் போட்டு, சலவைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

ஓடிப்போய்க் குழாயை மூடினாள். “என்னப்பா இது? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றேன்.”

“மீட்டர் மாட்ட வந்தவர் அன்னிக்கே சொன்னார், எல்லாம் உன் போனுக்குத்தான் வரும்னு” என்றார் தரையைப் பார்த்தபடி. “நானா கூப்பிட வீம்பு விடலை. டாக்சி வந்தப்ப ஜன்னல்ல பார்த்தேன், மாப்பிள்ளை கீழேதானே நிக்கிறார்? மேல வரச் சொல்லு. மூணு பேருக்குச் சமைச்சு வெச்சிருக்கேன்.”