மருந்துக்குக் கேட்ட நோய்

ஆய்வகத்திலிருந்து வந்த மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அத்தை, மருந்து வேலை செய்யுது! அவரோட கல்லீரல் கேன்சர் செல்லெல்லாம் கொத்துக் கொத்தா சாகுது.”

மகனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. “என்ன மருந்தும்மா?”

“பழத்துல எல்லாம் இருக்குமே, ஆன்டிஆக்சிடன்ட், அதான். செல்லைக் காப்பாத்தற பொருள்னுதான் இத்தனை நாள் நினைச்சோம். அதுவே கேன்சர் செல்லைத் தன்னைத்தானே அழிச்சுக்க வைக்குது. இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி இருக்கு. ஆனா ஒரு வழி தெரிஞ்சிருக்கு அத்தை!”

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. “எல்லாத்தையுமா கொன்னுட்டே?”

“இதுக்குத்தானே ராப்பகலா அங்கேயே கிடந்தேன்? பாழாப்போன நோய் ஒழியுதுன்னு சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா...”

“கொஞ்சத்தையாவது விட்டு வைம்மா.”

“எதுக்கு?”

மடித்த சட்டையையே மாமியார் மறுபடி மடித்தார். “அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆபரேஷன்ல வெட்டி எடுத்ததைத்தான் நீ தட்டுல போட்டு வளர்க்கறே. அவன் உடம்புல இன்னும் உயிரோட இருக்கறது அது ஒண்ணுதானேம்மா?”

மருமகள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு தட்டு பாக்கி இருக்கு அத்தை,” என்றாள். “அதுல மருந்து ஊத்த எனக்கும் கை வரலை.”