சுழல்படியில் மருமகள்

ஆரணியில் இருக்கும் தன் பட்டுக்கடையில், மருமகள் சுபலட்சுமி புடவையை நீட்டினால் கன்னியம்மாள் அதைப் பிடுங்கித் தானே கொடுப்பாள்.

"எத்தினி வாட்டி சொல்றது? கஸ்டமருங்க மூஞ்ச சுளிச்சிகினு போறாங்க!"

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா வந்தும் அந்தப் புலம்பல் ஓயவில்லை.

இடிந்த கோட்டைக் கோபுரத்தின் சுழல்படியில் மேலே நின்ற கைடு, மரவாளைச் சுழற்றினார். "ஏறி வருபவர் வாளை ஓங்கினால் வலப்பக்கம் இருக்கும் நடுத்தூண் இடிக்கும். என்னை யாரும் ஜெயித்ததில்லை."

கன்னியம்மாளின் மகன் ஹேமநாத் இரண்டே படியில் தோற்றுத் திரும்பினான்.

"நான் போறேன் அத்தை" என்று இன்னொரு வாளோடு சுபலட்சுமி ஏறினாள். கைடின் வாள் படிகளில் உருண்டது. அவர் வாயைப் பிளந்தார்.

கன்னியம்மாள் மருமகளின் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க மருமவளுக்குப் பீச்சாங்கைப் பழக்கம்!"

பிறகு அவளிடம் சொன்னாள். "ஊருக்குப் போனதும் இந்தக் கையாலயே புடவை எடுத்துக் குடும்மா. வேணான்றவங்க வேற கடைக்குப் போவட்டும்."