கூட்டிப் போடுங்க, மிஸ்

“காணாது மிஸ். இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க.”

தர்சிகா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். சோலை வரி எனப்படும் வீட்டு வரியின் மதிப்பீட்டுக்காக வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் பிரதேச சபையில் அவளுடைய வேலை. முந்தல் ஊரில் அவள் போகாத தெரு, ஒழுங்கை இல்லை. வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள். நாயை அவிழ்த்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். வெளிச்சுவரில் இருந்த ஏசியைச் சாக்கால் மூடி, அது புறாக்கூடு என்று சாதித்தவரையும் பார்த்திருக்கிறாள். கூட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“எனக்குச் சரியா விளங்கேல்லை நானா. குறைக்கவோ, கூட்டவோ?”

“கூட்டத்தான்,” என்றார் அபூசாலி. ஐம்பது வயது தாண்டிய மனிதர்; முஸ்லிம் வீடுகளில் அண்ணன் முறைக்கு ‘நானா’ என்றுதான் அவள் கூப்பிடுவாள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். “இந்த டைல்ஸப் பாருங்க. செருப்பக் கழட்டிட்டு நடந்து பாருங்க. இத்தாலிச் சாமான்.”

தர்சிகா நடந்து பார்த்தாள். உண்மையிலேயே பாதம் குளிர்ந்தது.

“ரோட்டை அகலிக்கப் போறாங்களோ? நட்டஈடு கூட வருமெண்டு பாக்கிறீங்களோ?”

“சீச்சீ.”

“அப்ப வங்கிக் கடன்?”

“வட்டி எங்களுக்கு ஆகாது மிஸ்.”

“விக்கிற யோசனையோ?”

“இந்த ஊட்டயா?” அபூசாலி பதறிப்போனார். “அத நான் நெனச்சுப் பாக்கவும் ஏலா.”

“பிறகு என்னத்துக்கு?”

“நியாயம் எண்டு ஒண்டு இரிக்கே மிஸ். வசதியா இரிக்கிறவன் கட்டோணும். அப்பதான் ஊருக்கு லைட்டு வரும், கழிவுத்தண்ணிக் கான் துப்புரவாகும். இப்பிடி ஒரு ஊட்டுக்கு இத்தனூண்டு வரி எண்டு நெனச்சா எனக்கு ராவில நித்திரயே வாறல்ல.”

தர்சிகாவுக்கு அப்பாவின் நினைவு வந்தது. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவளுடைய அப்பா, வரி கட்டாதவன் ரோட்டில் குழி இருக்கிறது என்று பேசக்கூடாது என்பார். அப்பா இந்த மனிதரைப் பார்த்திருக்க வேண்டும்.

“காணி உறுதிப் பத்திரம் ஆரின்ர பேரில இருக்கு?”

“இன்னும் என்ட மாமனார்ட பேரிலதான். அவர் மவுத்தாகிக் கன காலம். மாத்தல்ல.”

ஊரில் பாதி உறுதிகள் அப்படித்தான் இருந்தன. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அபூசாலியின் மனைவி ரம்ஸியா பின்கதவால் தேநீர் கொண்டுவந்தாள். அது ஏனோ கொஞ்சம் ஆறியிருந்தது. “போதும் வாங்க,” என்று கணவரின் சட்டையை மெல்ல இழுத்தாள். “மிஸ்ஸுக்கு வேற ஊடுகளும் இரிக்கும்.”

“நீ சும்மா இரி. மேல்மாடி இன்னும் பாக்கல்ல.”

மேலே குளியலறைக்குள் கூட்டிப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டினார். ஆவி பறந்ததும் அவரே ஓரடி பின்னால் துள்ளினார்.

“பாத்தீங்களா? நெருப்பு மாதிரி வருது. இத எழுதுங்க.”

எழுதினாள். தொட்டிக் குளியலை எழுதினாள், கூரையில் இருந்த சூரியத் தகடுகளை எழுதினாள், தேக்குக் கதவுகளை எழுதினாள். அலுமாரியையும் எழுதச் சொன்னார். தளபாடத்துக்கு வரி இல்லை என்றதும் அவர் முகம் வாடிப்போனது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மேல்மாடி விறாந்தையையும் பார்க்க நடந்தாள்.

களப்பு நீர்ப்பரப்பிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்தது. கீழே, மதிலுக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட சின்ன வீடு ஒன்று வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

“இந்தக் காத்து முந்தி அந்த ஊட்டுக்குத்தான் போகும்,” என்றார் அபூசாலி. “இந்த மேல்மாடி எழும்பின பொறகு ஒரு சொட்டும் போறல்ல. அதுக்கும் சேத்துப் போடுங்க.”

“காத்துக்கு வரி இல்லை நானா.”

“காத்துக்கு இல்ல மிஸ். மறிச்சதுக்கு.”

தர்சிகா சிரித்துவிட்டாள். “அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வாறேல்லையோ?”

“அவரா? தங்கமான மனுசன். எல்லாத்தயும் பொறுத்துக்கிட்டு இரிக்கார்.” அபூசாலியின் குரல் தழுதழுத்தது. “அந்த ஊட்டுக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக் குறைச்சுப் போடச் செல்லுங்க. புண்ணியமாப் போகும்.”

“அது பின் ஒழுங்கை. அங்க எங்கட சபையில வேலை செய்யிற டிலான்தான் பாக்கிறவர். நான் அவரிட்டக் கட்டாயம் சொல்லுறன்.”

தர்சிகா ஒரு முடிவுக்கு வந்தவளாய், அந்த ஒழுங்கையிலேயே ஆகக் கூடிய பெறுமதியை எழுதிக் கையெழுத்திட்டாள். அபூசாலி எட்டிப் பார்த்துவிட்டுக் கண்களை மூடி, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

“சபைக்கு உங்களை மாதிரி நாலு பேர் கிடைச்சாக் காணும் நானா,” என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். சந்தி திரும்பும்வரை அபூசாலி கை காட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு உள்ளே வந்து ஜன்னல்களைச் சாத்தினார். குழாயை இறுக்கினார். டைல்ஸில் பதிந்திருந்த கால் தடங்களைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு, ரம்ஸியாவோடு மதிலைச் சுற்றி நடந்து, தகரக் கூரை வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார்.

“இந்தா, ஒன்ட தம்பி உம்றா முடிச்சு மக்காவால வந்தா திறப்பக் குடுத்துடு,” என்றார். “ஊட்டப் பாத்துக்கிடச் சொன்னான், நல்லாவே பாத்துக்கிட்டோம் எண்டு செல்லு.”