பூமிக்குப் போகும் கம்பி

இது நான் நேரில் பார்த்ததல்ல. பட்டாபி தன் வாயால் சிநேகிதர் பஞ்சாபகேசனிடம் சொன்னது. பஞ்சாபகேசன் எனக்குச் சொன்னார். நானாக எதையும் கூட்டவில்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவில் வீடுகளுக்கு மின்சார வேலை எடுத்துச் செய்யும் நீலகண்டபிள்ளையின் கடையில் பட்டாபிக்குப் பதினோரு வருஷ அனுபவம். அருமைநாயகம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் பம்பாயிலிருந்து சுவரை இடித்துத் துளைக்கும் மின்சார மிஷின் வந்து இறங்கியதும், முதலாளி அதைத் தூக்கி அருமைநாயகத்தின் கையில் கொடுத்தார்.

பட்டாபிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நானும் ஒரு நாள் பிடிச்சுப் பார்க்கறேனே?" என்று முதலாளியிடம் கேட்டார்.

"சாமிக்குப் பொறுமை போதாது, கேட்டோ? அது நிதானக்காரன் கையில இருக்கட்டும்."

உளியும் சுத்தியலும் வைத்து அரை நாள் தட்டினால்தான் வெட்டுக்கல் சுவரில் ஒரு துளை விழும். மிஷின் அதை ஐந்து நிமிஷத்தில் முடித்தது. வேலை நடக்கும் வீடுகளில் எல்லோரும் அருமைநாயகத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பட்டாபிக்குக் காபிகூட இரண்டாவதாகத்தான் வந்தது.

அவன் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. காய்ந்த பலகை போட்டு அதன்மேல் ஏறி நிற்பான். வேட்டியை மடக்கி இறுக்கிச் செருகுவான். வயரைத் தோளுக்குப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வான்.

"ஏண்டா அருமை, மந்திரமும் உண்டோ? இல்லே, ஊமைப் பூஜைதானா?"

"மந்திரம் சாமிக்கில்லா தெரியும்? என்கிட்ட கேட்டா?" என்று சிரிப்பான்.

கடையில் மேஸ்திரி இடம் காலியாக இருந்தது. ஓணம் கழிந்ததும் ஆளைச் சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். மிஷின் யார் கையிலோ அவனுக்குத்தான் அது என்று பேச்சு.

ஒரு சாயங்காலம் அருமைநாயகம் முகம் கழுவப் போயிருந்தான். மிஷின் தனியாக இருந்தது.

அதன் இரும்பு உடம்பில் கரண்ட் லேசாகக் கசியும். அதை எர்த்து என்ற ஒரு கம்பி பூமிக்குக் கொண்டுபோய்விடும். கைப்பிடி மூடிக்கு உள்ளே அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன நட்டு. இதெல்லாம் பட்டாபிக்குத் தெரியும். அருமைநாயகத்தின் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். நட்டை மூன்று சுற்று தளர்த்தினார். மூடியைப் பழையபடி போட்டார்.

'பலகைமேல்தானே நிற்கிறான்? சுள்ளென்று ஒன்று அடிக்கும். மிஷினைக் கீழே போடுவான். முதலாளி பிடுங்கிக்கொள்வார். அவ்வளவுதான்.' இப்படித்தான் நினைத்தாராம்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பட்டாபி கடைக்கு வந்தபோது மிஷினை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வேலை கோட்டைக்குள் அக்ரகாரத்தில், லலிதாம்பாள் வீட்டில். முன்கட்டில் மட்டும் விளக்கு இருந்தது. அடுக்களைக்கும் பூஜையறைக்கும் வயர் இழுக்க வேண்டும்.

கூடத்திலேயே அந்த அம்மாள் மறித்தாள்.

"பட்டாபி, அந்தப் பிள்ளையாண்டான் இங்கேயே நிக்கட்டும். உள்ளே நீ மட்டும் வந்தாப் போரும்."

"மாமி, மிஷின் அவன்கிட்டேன்னா இருக்கு?"

"மிஷினுக்கு என்ன ஜாதி? நீ வாங்கிண்டு வா."

பதினோரு வருஷமாக அக்ரகாரத்து உள்கட்டு வேலை முழுவதும் பட்டாபிக்கு வந்ததே இந்த வழக்கத்தால்தான். நேற்று நட்டைத் தளர்த்தும்போது அது அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுக்களைத் தரை அப்போதுதான் கழுவிவிட்ட ஈரம். பட்டாபி வெறுங்காலோடு நின்றார். அருமைநாயகம் நிலைப்படிக்கு வெளியே நின்று மிஷினை நீட்டினான்.

"பலகைய நல்லா தொடச்சிப் போடுங்க சாமி, ஈரக் காலு ஆகாது. வயரு காலுக்கு அடியில போயிரப்பிடாது. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க, திமிரும்."

பட்டாபி கையை நீட்டவில்லை.

"அந்தச் சின்ன ஸ்பானரைக் குடு."

"எதுக்கு சாமி?"

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். வீட்டில் அவரை நம்பி நான்கு பேர்.

"என்னடா யோசனை பண்றே? உலையை இறக்கி வெச்சுட்டுக் காத்திண்டிருக்கேன்" என்றாள் லலிதாம்பாள்.

"அந்த... எர்த்து நட்டு..." என்று இழுத்தார் பட்டாபி.

"அதா? லூஸாத்தான் கெடந்துது. காலையிலயே முடுக்கியாச்சு. பயப்படாம பிடிங்க."

சொல்லிவிட்டு அருமைநாயகம் சிரித்தான்.

பட்டாபி அன்றைக்கு ஆறு துளை போட்டார். மிஷின் ஒன்றும் செய்யவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அருமைநாயகத்தின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுண்டுதான் ஓய் சிரிச்சான்" என்று பஞ்சாபகேசனிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "மாமி முன்னாலே என் மானத்தைக் காப்பாத்தினான். முதலாளி காதுலே ஒரு வார்த்தை போடலே. போட்டிருந்தா நான் தெருவிலே."

ஓணம் கழிந்தது. மேஸ்திரியாக யாரைப் போடலாம் என்று முதலாளி கேட்டபோது, "அருமைநாயகத்தைப் போடுங்கோ" என்று முதலில் சொன்னவர் பட்டாபிதான்.

கேட்டதை அப்படியே எழுதிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் ஆரியசாலைக்குப் போய் அருமைநாயகம் மேஸ்திரியைப் பார்த்தேன். யார் பெயரையும் எடுக்காமல், மிஷினில் அந்த எர்த்து நட்டு எப்போதாவது தளர்ந்து கிடந்ததுண்டா என்று மட்டும் விசாரித்தேன்.

"நல்ல கேள்வி கேட்டீங்க தம்பி!" என்றார் அவர். "நாள் முழுக்க சுவர இடிக்கிற மிஷினுல்லா? அந்தக் குலுக்கத்துல அது எப்படி நிக்கும்? கட திறந்ததும் அத முடுக்குறதுதான் எனக்கு மொத வேல. லூஸாகாம இருந்து ஒரு நாளும் நான் கண்டதில்ல."