எல்லாருக்கும் சம்மதம்

தையல் கம்பெனி வாசலில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பெண்கள் உள்ளே போகாமல் நிற்கிறார்கள். மாடிச் சுவரில் நேற்று மயிரிழையாக இருந்த விரிசலில் இன்று விரலே நுழையும். "யாரையும் கட்டாயப்படுத்தல. வேலை பாக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. பாதிப் பேருக்கு மேல தூக்கினா எல்லாரும் உள்ள போகணும்," என்கிறார் சூப்பர்வைசர். முன்வரிசையில் பொத்தான் தைக்கும் அக்காவின் கை தயங்கித் தயங்கி எழுகிறது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு வளையல்கள் சலசலக்க, அந்த வரிசை முழுவதும். நடுவில் நிற்கும் காலர் தைப்பவள் அந்த விரிசலை நிமிர்ந்து பார்க்கிறாள். "வேணாம் அண்ணி, பயமா இருக்கு," என்று அவள் முந்தானையைப் பிடிக்கிறாள் பக்கத்தில் நிற்கும் நாத்தனார். "எனக்கு மட்டும் இல்லையா? எல்லாரும் தூக்கும்போது நாம எப்படிடி சும்மா நிக்கிறது?" சொல்லும்போதே அவள் கை மேலே போகிறது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் தன் கையையும் தூக்குகிறாள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசையும் தூக்குகிறது. "அப்புறம் என்ன, எல்லாருக்கும் சம்மதம்," என்று சூப்பர்வைசர் கதவைத் திறந்து பிடித்தபடி வெளியிலேயே நிற்கிறார். உள்ளே மாடிப்படி இருட்டாகத் தெரிகிறது. முதல் ஆளாக ஏற ஒருத்தியும் நகரவில்லை.