பார்த்து எழுதும் பரீட்சை

திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஏறிய என் தோழி கலைப்பிரியா, வணக்கம்கூடச் சொல்லாமல் என் கையில் ஒரு ரப்பரைத் திணித்தாள்.

"பென்சில் கோடு எதனா இருந்தா ஜல்தி அழிச்சிடு வெனிலா. கேட்ல பாத்தாங்கன்னா புக்கையே புடுங்கிக்குவாங்க."

நாங்கள் இருவரும் சென்னைக்கு பார் கவுன்சில் தேர்வு எழுதப் போகிறோம். சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோய், பார்த்தே எழுதலாம். ஆனால் புத்தகத்தில் யார் கையெழுத்தும் இருக்கக்கூடாது.

பார்த்து எழுதும் அந்தப் பரீட்சையில் இரண்டு தடவை பெயிலானவள் நான். விழுப்புரம் மாவட்டத்தில் இந்தச் சாதனை வேறு யாருக்காவது இருந்தால் அவரைச் சந்திக்க ஆசை.

விண்ணப்பம் போட்ட லட்சணமும் அப்படித்தான். போட்டோ எடுக்கப் போன அன்று என் கறுப்புக் கோட்டு சலவையில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் ஒன்றை இரவல் கொடுத்தார். மாப்பிள்ளைகளுக்கு மாட்டிவிடுகிற கோட்டு. பாக்கெட்டில் ரோஜாப்பூ வைத்துத் தைத்திருந்தது. ஹால் டிக்கெட்டில் நான் ரிசப்ஷனுக்குக் கிளம்பியவள் மாதிரிதான் இருக்கிறேன்.

வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருஷத்துக்குள் இதில் பாஸாக வேண்டும். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் கோர்ட் பக்கம் தலைகாட்ட முடியாது.

காட்டாவிட்டாலும் யாரும் தேடப்போவதில்லை. வாசலில் போர்டு மாட்டியதிலிருந்து ஒரு கேஸ்கூட வந்ததில்லை. போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் ஒரே ஒருவர். மாடி வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டார்.

வீட்டில் படிப்பதும் பெரிய பேஜாரு. கணவர் ஜெனித்துக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். மாமனாருக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. அவர் அத்தையைச் சத்தம் போட ஆரம்பித்தால், நான் இயர்போனை மாட்டிக்கொண்டு யூடியூபில் சட்ட வகுப்பு கேட்பேன்.

என் புத்தகத்தில் அழிக்க என்ன இருக்கப்போகிறது? கோடு போட வேண்டுமென்றால் முதலில் படித்திருக்க வேண்டும். ஆனாலும் கலைப்பிரியாவுக்காகப் புரட்டினேன்.

நூற்று நாற்பத்து நான்காம் பிரிவில் ஒரு பென்சில் கோடு. ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒன்று.

அந்தப் பிரிவுக்கும் எனக்கும் பழைய பகை. பழைய சட்டத்தில் 144 என்றால் கூட்டம் கூடத் தடை. புதிய சட்டத்தில் அதே எண், மனைவிக்குப் புருஷன் தர வேண்டிய ஜீவனாம்சம். போன தேர்வில் பழைய ஞாபகத்திலேயே டிக் அடித்துவிட்டு வந்தேன். புத்தகம் மேசை மேல்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அத்தை மட்டும், "இப்ப அது புக்குல எந்த எடத்துல இருக்குதும்மா?" என்று கேட்டார். நான் கோட்டை விட்ட இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் போல என்று, நானே எடுத்துக் காட்டினேன்.

கூட்டல் குறியை அழித்தேன். பாதி போயிருக்கும். அதன் கீழே பொடியெழுத்தில் ஒரு வரி இருந்தது.

'அறுவத்திமூணு வயசுல கேக்கலாமா?'

அழிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன்.

அது சிலுவை. என் மாமியார் சூசை மேரி எதை எழுதினாலும் மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். மளிகைச் சீட்டுக்குக்கூட.

தினமும் அவர் என் மேசையில் தூசி தட்டுவதாக நினைத்திருந்தேன். மூன்றாவது தடவை விண்ணப்பம் போட மாட்டேன் என்று நான் அடம் பிடித்தபோது, கையைப் பிடித்து கம்ப்யூட்டர் சென்டருக்கு அழைத்துப் போய்க் கூடவே உட்கார்ந்திருந்தார். மருமகள் மேல் பாசம் என்று நினைத்தேன்.

மாமா சத்தம் போட்ட நாட்களில் என் இயர்போனில் ஓடியது குடும்ப வன்முறைச் சட்டம். இரண்டு தடவை கேட்டு முடித்திருக்கிறேன்.

"ச்சே!" வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். என் முதல் கட்சிக்காரர் இத்தனை நாளாக எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"இன்னா பாத்துக்கினு இருக்க? அழி," என்றாள் கலைப்பிரியா.

அழித்தேன். இந்தப் புத்தகம் உள்ளே போக வேண்டும். நான் பாஸாகி வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் நான் அத்தைக்கு எதற்கு உதவுவேன்?

பிறகு வீட்டுக்கு போன் போட்டேன். மாமாதான் எடுத்தார். அத்தைக்கென்று தனி போன் கிடையாது.

"அத்தைகிட்ட குடுங்க மாமா."

"ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். சொல்லும்மா."

என்ன சொல்வது? பஸ் கிளம்பிவிட்டது.

"அத்தை," என்றேன். "கேக்கலாம்."

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"நீ மொதல்ல பாஸ் பண்ணிக்கினு வா," என்றார் அத்தை.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.